பழச்சாறுதானே, என்ன செய்துவிடும்?



சென்ற ஆண்டு என் தந்தையாருக்கு அக்கி கண்டது. எங்கள் ஊர் வழக்கப்படி குயவர் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து காவிமண் குழைத்து அக்கி எழுதிவிட்டுப் போனார். அப்பாவின் மன ஆறுதலுக்காக அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையே மருத்துவரிடமும் அழைத்துச் சென்றேன். அக்கி என்பது ஒரு வைரஸ் நோய். சிறு வயதில் சின்னம்மை உண்டாக்கிய அதே வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் பதுங்கியிருந்து, முதுமையில் மீண்டும் தலைதூக்குவதே அது. மருத்துவர் அசைக்ளோவிர் என்ற மாத்திரையை எழுதித் தந்தார். ஒவ்வொன்றும் 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாட்கள்.

அப்பாவுக்கு மாத்திரை விழுங்குவது எப்போதுமே ஒரு போராட்டம். "தண்ணீரோடு இறங்கமாட்டேன் என்கிறது, கொஞ்சம் சாத்துக்குடிச் சாறு கொடு" என்றார். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். "பெரியப்பா, மருந்தைச் சாற்றோடு குடிக்கலாமா?" என்று கேட்டாள்.

"பழச்சாறுதானே, என்ன செய்துவிடும்?" என்றேன்.

பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன் நான். ஒரு மாணவன் சோதனைக் கூடத்தில் "இதுதானே, என்ன செய்துவிடும்?" என்று சொன்னால் அவனை நான் விடமாட்டேன். "அளந்து பார்த்தாயா?" என்று கேட்பேன். அன்றிரவு அந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டேன். அதற்கு விடை தேடியபோது அறிந்தவற்றையும், அதிலிருந்து எனக்குத் தோன்றிய கருத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

விழுங்கிய மாத்திரை முழுவதும் இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியன்று. மருந்து முதலில் இரைப்பையின் அமிலத்தைத் தாண்ட வேண்டும். பிறகு சிறுகுடலின் சுவரை ஊடுருவ வேண்டும். அந்தச் சுவரின் உயிரணுக்களில் நொதிகள் காத்திருக்கின்றன. உடம்புக்கு அந்நியமான பொருள்களைச் சிதைத்து மாற்றுவது அவற்றின் வேலை. தப்பி வருவது கல்லீரலுக்குப் போகிறது. அங்கேயும் அதே காவல் உண்டு. நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து மூன்று சுங்கச் சாவடிகள் இருப்பதுபோல் எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாவடியிலும் சரக்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. கடைசியில் ஊர் போய்ச் சேருவதே நோயோடு போராடப் பயன்படும்.

இந்தக் காவலர்களில் முக்கியமான ஒரு நொதிக்கு சி.ஒய்.பி. 3ஏ4 என்று பெயர். இன்று வழக்கிலுள்ள மருந்துகளில் பலவற்றை மாற்றியமைப்பது இந்த ஒரு நொதிதான். இதைப் பற்றிய ஒரு பெரிய உண்மை தற்செயலாக வெளிவந்தது. அந்தக் கதை ஒவ்வொரு விஞ்ஞான மாணவனும் அறிய வேண்டியது.

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் லண்டன் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும், பெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார்கள். சோதனைக்கு வந்தவர்களுக்குத் தாம் குடிப்பது மதுவா, வெறும் சாறா என்று தெரியக்கூடாது. எனவே மதுவின் சுவையை மறைக்க ஒரு பழச்சாறு தேவைப்பட்டது. கிரேப் புரூட் என்னும் பழத்தின் சாறு அதற்குப் பொருத்தமாக இருந்தது. சோதனை முடிந்து இரத்தத்தைப் பரிசோதித்தால், மது குடித்தவர், குடிக்காதவர் இரு சாராருக்கும் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு மிகுந்திருந்தது! குற்றவாளி மது அன்று. மறைக்க வந்த சாறுதான். இச்செய்தி 1989ஆம் ஆண்டு வெளியாயிற்று.

1991இல் அவர்கள் சாற்றை மட்டும் தனியே சோதித்தார்கள். தண்ணீரோடு விழுங்கும்போது இரத்தத்தில் சேரும் மருந்தை 100 என்று கொண்டால், கிரேப் புரூட் சாற்றோடு அது சராசரியாக 284 ஆயிற்று. சாதாரண ஆரஞ்சுச் சாற்றுக்கு அந்த விளைவு இல்லை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். 284 என்பது சராசரி மட்டுமே. ஒருவருக்கு அது 164, இன்னொருவருக்கு 469. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்து முழுவதும் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

காரணம் பின்னர் தெளிவாயிற்று. அந்தப் பழத்தில் ப்யூரானோகூமரின்கள் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. பெர்காமோட்டின் அவற்றுள் ஒன்று. இவை குடற்சுவரிலுள்ள அந்த நொதியோடு பிணைந்து அதை மீளாதபடி முடக்கிவிடுகின்றன. காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டால் சாவடி திறந்துதானே கிடக்கும்? குடல் புதிதாக நொதியை உற்பத்தி செய்தால்தான் காவல் திரும்பும். அதற்கு ஒன்றிரண்டு நாட்களுக்கு மேலும் ஆகலாம். ஆகவே காலையில் சாறு, மாலையில் மாத்திரை என்று நேரத்தைத் தள்ளிப்போட்டும் பயனில்லை. இதற்கு ஒரு தம்ளர் சாறே போதும்.

இனி வைரஸ் மருந்துகளுக்கு வருவோம். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸை எதிர்க்கப் புரோட்டியேஸ் தடுப்பான்கள் என்றொரு வகை மருந்து உண்டு. அவ்வகையில் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது சாக்வினாவிர். ஆண்டு 1995. நல்ல மருந்துதான், ஆனால் சுங்கச் சாவடிகளில் அது பட்ட பாடு சொல்லி முடியாது. கொழுப்பு மிகுந்த காலை உணவோடு விழுங்கினாலும் நூற்றுக்கு நான்கு பங்கே இரத்தத்தை அடைந்தது. மீதி 96 பங்கு வீண்!

1998இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலமுள்ளவர்களுக்கு இந்த மருந்தைக் கிரேப் புரூட் சாற்றோடு கொடுத்துப் பார்த்தார்கள். சாறில்லாமல் 0.7 சதவீதமாக இருந்த உறிஞ்சல் சாற்றோடு 1.4 சதவீதம் ஆயிற்று, அதாவது இருமடங்கு. அதே மருந்தை ஊசி மூலம் நேரே இரத்தக் குழாயில் செலுத்தியபோது சாற்றினால் எந்த மாற்றமும் இல்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? இரத்தத்தில் நேரே சென்ற மருந்து கல்லீரலைச் சந்திக்கிறது. குடற்சுவர்ச் சாவடியைச் சந்திப்பதில்லை. ஆகவே சாறு திறந்துவிடுவது குடற்சுவர்ச் சாவடியைத்தான். எவ்வளவு எளிய, அழகான தர்க்கம் பாருங்கள்!

"அப்படியானால் சாறு நல்லதுதானே? விலையுயர்ந்த மருந்து வீணாகாமல் காக்கிறதே!" என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எனக்கும் அது தோன்றியது. ஆனால் அவசரப்படாதீர்கள்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்டினாவிர் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இது 1996இல் அனுமதி பெற்றது. இதன் 400 மில்லிகிராம் அளவை ஒரு கோப்பைக் கிரேப் புரூட் சாற்றோடு கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு சராசரியாக 26 சதவீதம் குறைந்தது என்று மருந்தின் குறிப்பேடே சொல்கிறது. ஒரே பழம், ஒரே நோய், ஒரே வகை மருந்து. ஒன்றில் ஏற்றம், மற்றொன்றில் இறக்கம்!

அமிலத்தின் கதையும் அப்படித்தான். டிடானோசின் என்ற எச்.ஐ.வி. மருந்து 1991இல் வந்தது. அமிலம் பட்டால் அது சிதைந்துவிடும். எனவே கரைத்துக் குடிக்கும் அதன் தூளைப் பழச்சாற்றில் கலக்கக்கூடாது என்று எச்சரித்தார்கள். 1997இல் வந்த டெலாவிர்டின் என்ற மருந்துக்கோ அமிலம் வேண்டும். இரைப்பையில் அமிலம் சுரக்காத நோயாளிகள் அதை ஆரஞ்சுச் சாறு போன்ற புளிப்பான பானத்தோடு உட்கொள்ளும்படி சொன்னார்கள். இவ்விரண்டு மருந்துகளும் இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டன. ஆனால் அவை தந்த பாடம் பழையதாகவில்லை: "சாற்றோடு சாப்பிடலாமா?" என்ற கேள்விக்கு எல்லா மருந்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

இப்போது அந்த 164, 469 என்ற எண்களுக்குத் திரும்புவோம். பழச்சாறு என்பது அளவுகோல் அன்று. ஒரு மரத்துப் பழத்தில் இருக்கும் ப்யூரானோகூமரினின் அளவு இன்னொரு மரத்துப் பழத்தில் இருப்பதில்லை. வகை, பருவம், சாறு பிழிந்த முறை, வைத்திருந்த காலம் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். குடிப்பவரின் குடலிலுள்ள நொதியின் அளவும் ஆளுக்கு ஆள் வேறு. பூக்காரம்மா முழம் போட்டுப் பூ அளக்கும்போது கை நீளம் கொஞ்சம் முன்பின் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மருந்தை முழம் போட்டு அளக்க முடியுமா?

அதிலும் வைரஸ் மருந்தில் இரு பக்கமும் பள்ளம். அளவு மிகுந்தால் பக்க விளைவுகள். அளவு குறைந்தால் அதைவிட மோசம்: வைரஸ் சாகாமல் பெருகும், பெருகும்போது மாறுதலடையும், மருந்துக்கு அடங்காத வகை அவற்றில் தோன்றினால் அதுவே நிலைத்துவிடும். பிறகு அந்த மருந்து அந்த நோயாளிக்குப் பயன்படாமல் போகலாம். அவரிடமிருந்து தொற்றியவருக்கும் பயன்படாமல் போகலாம்.

ஆகவே விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாற்றின் செயலை அளவிட்ட மாத்திரையாக மாற்றினார்கள் என்றே சொல்லலாம். ரிட்டோனாவிர் என்ற மருந்து 1996இல் எச்.ஐ.வி.க்கு எதிராக அனுமதி பெற்றது. அது சி.ஒய்.பி. 3ஏ4 நொதியைக் கடுமையாகத் தடுப்பது தெரியவந்தது. உடனே அதைச் சிறிய அளவில் மற்ற மருந்துகளுக்குத் துணையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். சாக்வினாவிரும் இத்துணையோடுதான் பிறகு பயன்பட்டது. கோவிட் நோய்க்கு 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்ற பாக்ஸ்லோவிட் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வைரஸைத் தாக்குவது 300 மில்லிகிராம் நிர்மாட்ரெல்விர். அதோடு தரப்படும் 100 மில்லிகிராம் ரிட்டோனாவிரின் வேலை, காவலாளியைக் கட்டிப்போடுவது மட்டுமே. சாறும் அதைத்தான் செய்கிறது. ஆனால் 100 மில்லிகிராம் என்றால் எங்கும், என்றும் 100 மில்லிகிராம். அளவு தெரிந்த ஒன்றுக்கும் அளவு தெரியாத ஒன்றுக்கும் உள்ள வேற்றுமை இதுதான். நஞ்சாவதும் மருந்தாவதும் அதைப் பொறுத்ததே.

இது நம் ஊருக்கு அன்னியமான விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். இன்று அரசு மையங்களில் அந்நோய்க்கு மருந்து இலவசமாகத் தரப்படுகிறது. அக்கூட்டு மருந்தில் உள்ள டோலுடெக்ராவிர், கால்சியத்தோடும் இரும்போடும் பிணைந்துகொள்ளும் இயல்புடையது. வெறும் வயிற்றில் சத்து மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால் அது உடம்பில் சேர்வது குறைகிறது. எனவே சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ அதை உட்கொள்ள வேண்டும். அல்லது இரண்டையும் உணவோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிப் பெண்களுக்கு இரும்பு மாத்திரையும் கால்சிய மாத்திரையும் தவறாமல் கொடுக்கும் நாடு நம்முடையது. இந்தச் சிறு குறிப்பு ஒரு தாய்க்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலாவது: "இயற்கையானது, ஆகவே தீங்கில்லாதது" என்ற பேச்சை நாம் கைவிட வேண்டும். இயற்கையான பொருள் வலுவில்லாத பொருள் அன்று. பழம் நல்ல உணவு. அதில் எனக்கு ஐயமில்லை. இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் பழத்தை வெறுக்க வேண்டாம். பழத்தை உணவாகச் சாப்பிடுங்கள். மருந்தை விழுங்கத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஆய்வாளர்கள் மற்றவற்றை ஒப்பிடுவது பெரும்பாலும் தண்ணீரோடுதான். நாம் ஏன் வேறொன்றைத் தேட வேண்டும்? ஒரு குறிப்பிட்ட மருந்தை உணவோடு அல்லது பாலோடு சாப்பிடும்படி மருத்துவர் சொன்னால் அவர் சொற்படி கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது: மருந்தோடு வரும் குறிப்பு நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும். நம் கடைகளில் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை தருகிறார்கள். குறிப்புத்தாள் கடையிலேயே நின்றுவிடுகிறது. கையில் வந்தாலும் பொடி எழுத்தில் ஆங்கிலம். தமிழில் தந்தாலும் சரியாகத் தர வேண்டும். ஒரு தமிழ்க் குறிப்பில் கிரேப் புரூட் என்பதைத் "திராட்சை" என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன். கிரேப் என்றால் திராட்சை என்று எவரோ அகராதியைப் பார்த்து எழுதிவிட்டார்! கிரேப் புரூட்டுக்கும் திராட்சைக்கும் எந்த உறவுமில்லை. அது நம் பம்பளிமாசுக்கும் இனிப்பு ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பினம். மேற்கிந்தியத் தீவுகளில் தோன்றியது. எச்சரிக்க வேண்டுமானால் பம்பளிமாஸைச் சொல்லி எச்சரிக்க வேண்டும். அதிலும் ப்யூரானோகூமரின்கள் உண்டு. அந்த மொழிபெயர்ப்பை நம்பும் நோயாளி திராட்சையைத் தவிர்த்துவிட்டுத் தோட்டத்துப் பம்பளிமாஸை உரித்துச் சாப்பிடுவார். ஒரு சொல்லின் பிழை ஒரு மருந்தின் அளவையே மாற்றிவிடக்கூடும். தமிழில் விஞ்ஞானம் எழுதப்போகிற நீங்கள் இதை மறக்கக்கூடாது.

மூன்றாவது: வீட்டில் இந்த வேலைக்கு நீங்களே தகுதியானவர்கள். தாத்தா பாட்டிக்கு எழுத்துத் தெரிவதில்லை. அப்பா அம்மாவுக்கு நேரமில்லை. வீட்டிலுள்ள மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ போகும்போது, "இதை எதோடு சாப்பிட வேண்டும்? எதோடு சாப்பிடக்கூடாது?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நீங்களாக எந்த மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

கடைசியாக, அப்பாவின் மாத்திரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் மருத்துவரைக் கேட்டேன். அசைக்ளோவிரைப் பழச்சாறு கெடுப்பதாகத் தெரியவில்லை என்றார். ஆனால் அது சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் மருந்து. உடம்பில் நீர் குறைந்தால் அங்கே படிகமாகப் படியக்கூடும். எனவே நிறையத் தண்ணீர் குடிப்பதே முக்கியம் என்றார். அன்று முதல் அப்பாவுக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டும் பொறுப்பைத் தம்பி மகள் ஏற்றுக்கொண்டாள்.

ஆக, நான் சொன்ன விடை தவறாகப் போகவில்லை. ஆயினும் தேர்வுத் தாளில் வழிமுறை இல்லாமல் விடையை மட்டும் எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. எனக்கும் அன்று மதிப்பெண் கிடையாது. கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்குத்தான் முழு மதிப்பெண்.